ஹைதராபாத்தில் இருந்தே ஸ்கூபா சான்றிதழ் வாங்கலாமா? அந்தமான் போய்த்தான் படிக்கணுமா?

அந்தமானுக்கு டிக்கெட் போட்டாச்சு, ஹேவ்லாக்கில் ரூமும் புக் பண்ணியாச்சு. 'போன இடத்திலேயே ஸ்கூபா கோர்ஸையும் முடிச்சு சான்றிதழோட வந்துடலாம்' என்று கிளம்புகிறவர்கள் நிறைய பேர். இன்னொரு பக்கம், கச்சிபௌலி, மாதாப்பூர் பக்கம் வேலை பார்க்கிறவர்களில் சிலர், வார இறுதிகளில் ஊருக்குள்ளேயே நீச்சல் குளத்தில் சிலிண்டரை மாட்டிக்கொண்டு பயிற்சி எடுக்கிறார்கள். கடலே இல்லாத ஊரில் ஆழ்கடல் நீச்சல் பயிற்சியா என்று கேட்கத் தோன்றும். ஆனால் கேள்வி 'ஊரிலா, டூரிலா' என்பது இல்லை. கடைசிக் கட்டத்துக்கு எப்படியும் கடலுக்குப் போய்த்தான் ஆகணும். எந்தப் பகுதியை எங்கே முடிப்பது என்பதுதான் கேள்வி. அதைப் பொறுத்துத்தான் உங்கள் லீவு நாட்கள், பணம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீருக்கு அடியில் உங்கள் பாதுகாப்பு எல்லாமே.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

ஹேவ்லாக், கோவா, முருதேஷ்வர் என்று சுற்றுலா போகிறவர்களில் பெரும்பாலானோர் செய்வது 'டிஸ்கவர் ஸ்கூபா' அல்லது 'ட்ரை டைவ்' எனப்படும் ஒருமுறை அனுபவம். அரை மணி நேர விளக்கம், இடுப்பளவுத் தண்ணீரில் கொஞ்சம் பழக்கம், பிறகு பயிற்றுநர் உங்களைப் பிடித்துக்கொண்டே அதிகபட்சம் 12 மீட்டர் வரை கூட்டிப் போவார். மீன், பவளப்பாறை, வீடியோ எல்லாம் கிடைக்கும். நீச்சல் தெரியாதவர்கள்கூடப் போய்விட்டு வருகிறார்கள். ஆனால் இது சான்றிதழ் கிடையாது. கரையில் தரும் பங்கேற்பு அட்டையைக் காட்டி இன்னொரு ஊரில் டைவ் செய்ய முடியாது.

சான்றிதழ் என்றால் பொதுவாக 'ஓப்பன் வாட்டர் டைவர்'. பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. போன்ற சர்வதேச அமைப்புகள் தருகின்றன. இதை வைத்திருந்தால், உங்களைப் போலவே சான்றிதழ் பெற்ற ஒரு துணையோடு 18 மீட்டர் ஆழம் வரை போகலாம். ஐ.எஸ்.ஓ. 24801-2 என்ற சர்வதேசத் தரத்தில் இது 'தன்னிச்சையாக டைவ் செய்பவர்' நிலை. கையைப் பிடித்துக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள் என்பதுதான் அந்தத் 'தன்னிச்சை'க்கு அர்த்தம். அந்தமானில் வாங்கினாலும் தாய்லாந்தின் கோ தாவோ தீவில் வாங்கினாலும் அட்டை ஒன்றுதான், உலகம் முழுக்கச் செல்லும். அட்டைக்குப் பின்னால் எவ்வளவு பயிற்சி இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

படிப்பில் என்ன இருக்கிறது?

மூன்று பகுதிகள். ஒன்று பாடம்: அழுத்தம், காற்று, ஆபத்து, திட்டமிடல். இப்போது பெரும்பாலும் ஆன்லைனில் படித்து, கடைசியில் தேர்வு. ரெண்டாவது, குளம் மாதிரி அடங்கிய தண்ணீரில் பயிற்சி. பி.ஏ.டி.ஐ. முறையில் இது 5 அமர்வுகளுக்கான பாடம். மூன்றாவது, திறந்த நீரில் 4 டைவ். இவற்றை ஒரே நாளில் முடிக்க முடியாது, குறைந்தது 2 நாள் வேணும்.

இதோடு நீச்சல் சோதனையும் உண்டு. 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், நேரக் கெடு கிடையாது; அல்லது மாஸ்க், ஃபின்ஸ், ஸ்நார்க்கெலோடு 300 மீட்டர். அது போக 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்கணும். 25 மீட்டர் குளத்தில் 200 மீட்டர் என்றால் 8 நீளம். 'கொஞ்சம் நீந்துவேன்' என்று சொல்கிறவர்களில் பலர் 3-வது நீளத்திலேயே சுவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். தீவுக்குப் போன பிறகு இதைக் கண்டுபிடித்தால் விடுமுறை அங்கேயே தடுமாறும். ஹைதராபாத்தில் ரெண்டு மாசம் காலையில் குளத்துக்குப் போனால் தீர்ந்துவிடும் பிரச்சினை இது. உள்ளூரில் செய்ய வேண்டிய முதல் வேலை ஸ்கூபாவே இல்லை, நீச்சல்தான்.

குளத்தில் கற்றால் என்ன லாபம்?

தண்ணீருக்கு அடியில் மாஸ்க்கை முழுசாகக் கழற்றி, திரும்ப மாட்டி, மூக்கால் ஊதி உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும் என்று ஒரு பயிற்சி உண்டு. கேட்கச் சாதாரணமாக இருக்கும். மூக்கில் தண்ணீர் ஏறிய அந்த நொடியில் உடம்பு முழுக்க 'மேலே ஓடு' என்று சொல்லும். புதியவர்கள் அதிகம் பதறுவது இங்கேதான்.

அப்படிப் பதறி மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடுவதுதான் ஸ்கூபாவில் மிகப் பெரிய ஆபத்து. கடல் மட்டத்தில் 1 வளிமண்டலம் என்றால், 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது ரெண்டு மடங்கு இடம் கேட்கும். மூச்சு விடாமல் வந்தால் அந்தக் காற்றுக்குப் போக வழி கிடையாது, நுரையீரல் கிழியலாம். 'மூச்சைப் பிடிக்காதே' என்பது முதல் விதியாக இருப்பது அதனால்தான். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இருந்து இப்படி எழுந்தாலும் காயம் ஏற்பட வாய்ப்பு இருக்கிறது, குளம்தானே என்று அலட்சியமும் கூடாது.

மாஸ்க் பயிற்சியை ஒரு முறை செய்து 'பாஸ்' ஆவது வேறு, பத்துப் பதினைந்து முறை செய்து அலுத்துப்போவது வேறு. கடலில் யாராவது தெரியாமல் உதைத்து மாஸ்க் நழுவினால் கைகொடுப்பது ரெண்டாவதுதான். ஊரில், வாரம் ஒரு நாள் என்று நாலு வாரம் பயிற்சி எடுத்தால் இந்த அலுப்பு வரை போக நேரம் இருக்கிறது. மூன்றரை நாளில் கோர்ஸ் முடித்து ஐந்தாவது நாள் விமானம் பிடிக்க வேண்டிய இடத்தில் அந்த நேரம் கிடையாது. பயிற்றுநர் நல்லவராகவே இருந்தாலும், அடுத்த படகும் அடுத்த பேட்ச்சும் காத்திருக்கும்.

அதே மாதிரிதான் மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் ஒரே ஆழத்தில் மிதந்து நிற்பது. இது வராதவர்கள் பவளப்பாறை மேல் விழுகிறார்கள், ஃபின்ஸால் அதை உடைக்கிறார்கள், காற்றையும் சீக்கிரம் தீர்க்கிறார்கள். இதைப் பழகச் சொல்லிக் கொடுப்பதைவிடத் தண்ணீரில் கழியும் மணிக்கணக்குதான் முக்கியம்.

குளத்தில் கிடைக்காதது என்ன?

நிறைய. 3, 4 மீட்டர் குளத்தில் நீரோட்டம் இல்லை, அலை இல்லை, ஆடும் படகிலிருந்து குதிப்பது இல்லை, கலங்கல் இல்லை. குமட்டலும் இல்லை. நேத்ராணித் தீவு முருதேஷ்வர் கரையிலிருந்து சுமார் 19 கி.மீ. தள்ளி இருக்கிறது, படகில் அங்கே போய்ச் சேருவதற்குள் பாதிப் பேருக்கு முகம் வெளுத்துவிடும். இதற்கெல்லாம் குளத்தில் ஒத்திகை பார்க்க முடியாது.

உப்பு நீர் நம்மை அதிகமாகத் தூக்கும் என்பது இன்னொரு விஷயம். கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிடச் சுமார் 2.5 முதல் 3 சதவீதம் கூடுதல். ஆளும் கருவிகளும் சேர்ந்து 100 கிலோ என்றால், குளத்தில் கட்டிய ஈயத்தைவிட இரண்டரை, மூன்று கிலோ கூடுதலாகக் கட்டினால்தான் கடலில் இறங்குவீர்கள். 'குளத்தில் நல்லா நின்னேனே' என்று முதல் கடல் டைவில் குழம்புகிறவர்களுக்குப் பதில் இதுதான்.

பிரிட்டனில் ஸ்டோனி கோவ் மாதிரி தண்ணீர் நிரம்பிய பழைய குவாரிகளில் கடல் பக்கமே போகாமல் திறந்த நீர் டைவ்களையும் முடித்துவிடுவார்கள். குளிரும் கலங்கலும் உள்ள அந்த நீரில் கற்றவர்கள் வெப்பமண்டலக் கடலுக்கு வந்தால் சிரமப்பட மாட்டார்கள் என்று அங்கே ஒரு பெருமைப் பேச்சும் உண்டு. நமக்கு அந்த வசதி இல்லை. ஹுசைன் சாகரின் அடியைப் பார்க்க யாரும் ஆசைப்படப் போவதில்லை. 1990-ல் படகிலிருந்து சரிந்து விழுந்த புத்தர் சிலையே 1992 வரை அதற்குள்தான் கிடந்தது. ஆக, கடைசி 4 டைவுக்குக் கடல்தான் வழி.

'ரெஃபரல்' என்ற இடைவழி

பாடத்தையும் குளப் பயிற்சியையும் ஒரு ஊரில் முடித்து, கடல் டைவ்களை இன்னொரு ஊரில், இன்னொரு பயிற்றுநரிடம் முடிக்கும் ஏற்பாட்டுக்கு ரெஃபரல் என்று பெயர். நீங்கள் என்னென்ன முடித்தீர்கள் என்று முதல் பயிற்றுநர் கையெழுத்திட்ட பதிவு தருவார். பி.ஏ.டி.ஐ.யில் இது கடைசியாக முடித்த பகுதியில் இருந்து 12 மாதம் செல்லும்.

ஹைதராபாத் காலநிலைக்கு இந்த 12 மாதம் கச்சிதம். ஏப்ரல், மே வெயிலில் குளம் சுகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை, மேற்குக் கடற்கரையில் டைவிங் நின்றுவிடும், அப்போது பாடத்தைப் படிக்கலாம். அக்டோபர், நவம்பருக்குப் பிறகு கடலுக்குப் போகலாம். தலைகீழாகத் திட்டமிட்டு டிசம்பர், ஜனவரியில் சூடாக்காத திறந்தவெளிக் குளத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், பல் தந்தி அடிக்கும்.

குளத்துக்குப் பணம் கட்டும் முன் கடல் பக்கம் நீங்கள் போகப்போகும் டைவ் சென்டரிடம் 'ரெஃபரல் எடுப்பீங்களா, எந்த அமைப்பின் ரெஃபரல், எவ்வளவு ஆகும்' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரெண்டு இடமும் ஒரே அமைப்பாக இருந்தால் சிக்கல் குறைவு. அங்கே போனதும் புதிய பயிற்றுநர் உங்களை ஆழமில்லாத இடத்தில் மாஸ்க், ரெகுலேட்டர் பயிற்சிகளைச் செய்து காட்டச் சொல்வார். அவமரியாதை இல்லை, முன்பின் பார்க்காத ஆளை ஆழத்துக்குக் கூட்டிப் போகும் முன் அவர் செய்ய வேண்டிய சோதனை.

மருத்துவப் படிவம்: தீவில் திறக்கக் கூடாத கவர்

இந்த ஒரு விஷயத்துக்காகவாவது ஊரில் இருக்கும்போதே வேலையைத் தொடங்கணும். கோர்ஸில் சேரும் எல்லோரும் ஒரு மருத்துவக் கேள்விப் பட்டியலை நிரப்ப வேண்டும். ஆஸ்துமா, இதயம், வலிப்பு, காது அறுவைச் சிகிச்சை, சைனஸ், கர்ப்பம், தொடர்ந்து எடுக்கும் மருந்துகள் எல்லாம் அதில் வரும். 45 வயதைத் தாண்டியவர்களுக்குக் கூடுதல் கேள்விகள். முக்கியமான கேள்வியில் 'ஆம்' விழுந்தால், டாக்டர் பரிசோதித்துக் கையெழுத்துப் போடாமல் தண்ணீரில் இறக்கக் கூடாது.

தீவில் முதல் நாள் காலை, ஈர உடையோடு நிற்கும்போது இந்தப் படிவம் கைக்கு வந்தால் என்ன நடக்கும்? டைவிங் தெரிந்த டாக்டரை அங்கே எங்கே தேடுவது? கட்டிய பணம் போகும் என்ற பயத்தில் 'இல்லை' என்று டிக் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சின்ன வயசில் வந்துபோன வீசிங்தானே என்று நினைப்பார்கள். மூச்சுக்குழாய் சுருங்கிக் காற்று சிக்கும் நோய் உள்ளவருக்கு, மேலே வரும்போது மூச்சைப் பிடிக்காமலேயே நுரையீரல் காயம் ஏற்படலாம் என்பதால்தான் அந்தக் கேள்வியே இருக்கிறது. ஹைதராபாத்தில் இஎன்டி, நுரையீரல், இதய மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. இணையத்தில் படிவத்தை இறக்கி, பயணத்துக்கு ஒரு மாசம் முன்பே காட்டிவிடுங்கள். 'போகக் கூடாது' என்று டாக்டர் சொன்னாலும் டிக்கெட் போடும் முன் தெரிந்துவிடும்.

லீவு கணக்கும் விமானக் கணக்கும்

ஆழத்தில் சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வந்ததும் மெதுவாக வெளியேறும். அது முழுசாக வெளியேறும் முன் அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழ்கள் வரலாம். விமானக் கேபினுக்குள் அழுத்தம் பொதுவாக 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல. அதனால் டேன் எனப்படும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்வது: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும். பல டைவ் சென்டர்கள் 24 மணி நேரம் என்கின்றன. கோர்ஸ் முடித்தவர்களுக்கு 12 பொருந்தாது, 18-தான்.

இப்போது அந்தமான் கணக்கைப் போடுவோம். போர்ட் பிளேருக்கு இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம், ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் தீவு. விமானம், பிறகு படகு என்று போய்ச் சேர ஒரு நாள். முழு கோர்ஸும் அங்கேயே என்றால் 3 அல்லது 4 நாள். அதன்பின் டைவ் இல்லாத ஒரு நாள், திரும்பும் நாள். ஆறேழு நாள் போய்விடும், ஒரு நாள் மழையோ காற்றோ வந்தால் அதுவும் போதாது. பாடமும் குளமும் ஊரிலேயே முடிந்திருந்தால் கடலில் 2 நாள் போதும், 5 நாளில் வீடு திரும்பலாம். ஹேவ்லாக் வரை போய் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து பாட வீடியோ பார்ப்பதற்கு மாற்று இது.

விமானத்தைச் சொல்லிவிட்டு பஸ்ஸை விட்டுவிட முடியாது. முருதேஷ்வரில் ஞாயிறு மதியம் கடைசி டைவ் முடித்து, அன்று இரவே ஹைதராபாத் பஸ் ஏறுவது வார இறுதிக்காரர்களின் வழக்கமான திட்டம். ஆனால் சாலை மேற்குத் தொடர்ச்சி மலை ஏறித்தான் வருகிறது. ஹூப்பள்ளி 600 மீட்டருக்கு மேல், ஹைதராபாத்தே 500 மீட்டருக்கு மேல். டேன் வழிகாட்டுதல் பொருந்தும் உயரம் 2,000 அடியில், அதாவது சுமார் 610 மீட்டரில் தொடங்குகிறது. விமானம் அளவுக்கு ஆபத்து இல்லை என்றாலும், புதிதாக 4 டைவ் செய்த உடம்போடு அன்றைக்கே மலை ஏறுவதைப் பற்றிப் பயிற்றுநரிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள். சனி, ஞாயிறு டைவ், திங்கள் ஒரு நாள் லீவு என்பதே சரியான திட்டம்.

எந்தக் கடல், எந்த மாதம்?

தெளிவான நீருக்கு அந்தமானும் லட்சத்தீவும்தான் முதலிடம். லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி வாங்க வேண்டும். நேத்ராணி, அக்டோபர் முதல் மே வரை. ஹைதராபாத்தில் இருந்து ரயிலில் ஒரு இரவில் விசாகப்பட்டினம் போய்விடலாம், ருஷிகொண்டா பக்கம் டைவிங் நடக்கிறது, புதுச்சேரியிலும் உண்டு. ஆனால் வங்கக் கடலின் இந்தக் கரையில் தண்ணீர் எத்தனை தூரம் தெரியும் என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். கற்றுக்கொள்ள இது கெட்டது இல்லை, படம் எடுக்கத்தான் கெட்டது.

மே முதல் செப்டம்பர் வரைதான் லீவு கிடைக்கும் என்கிறவர்கள் இலங்கையின் கிழக்குக் கரையை யோசிக்கலாம். நம் பக்கம் கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் திருகோணமலையும் புறாத்தீவும் அமைதியாக இருக்கும்.

பணம் மிச்சமா?

பெரும்பாலும் இல்லை. குளத்துக்கு ஒரு கட்டணம், கடலுக்கு ஒரு கட்டணம் என்று பிரிந்தால் மொத்தம் தீவுப் பேக்கேஜைவிடக் கூடவே வரலாம். மிச்சமாவது ஹோட்டல் இரவுகளும் லீவும்தான். விலை கேட்கும்போது பாடக் கட்டணம், சான்றிதழ் கட்டணம், படகு, கருவி வாடகை எல்லாம் அடக்கமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். உங்கள் பயண இன்ஷூரன்ஸில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா, எத்தனை மீட்டர் வரை ஸ்கூபாவை ஏற்கிறார்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலையைவிட முக்கியம், ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்பது. பி.ஏ.டி.ஐ. விதி கடலில் 8 மாணவர் வரை அனுமதிக்கிறது. முதல் முறை இறங்குகிறவர் 4 பேருக்கு மேல் உள்ள குழுவில் சேராமல் இருப்பது நல்லது. பயிற்றுநரின் எண்ணைக் கேட்டு, அந்த அமைப்பின் இணையதளத்தில் நடப்பில் இருக்கிறதா என்று சரிபார்க்கலாம். தயங்காமல் சொல்கிற இடத்தில் சேருங்கள்.

முழு கோர்ஸையும் விடுமுறையிலேயே முடிப்பது தவறா என்றால், இல்லை. பத்து நாள் லீவு, நன்றாக நீச்சல், படிவத்தில் எல்லாம் 'இல்லை', சின்னக் குழு என்று அமைந்தால் தாராளமாகப் போங்கள். தினமும் கடலிலேயே கற்பதில் குளம் தராத ஒரு பழக்கமும் வரும். நாலு நாள் லாங் வீக்கெண்டுக்குள் திணிக்கப் பார்ப்பவர்களுக்குத்தான் ஊரில் பாதி, கடலில் பாதி.

கடைசியாக, அட்டை வாங்கிய பிறகு நடப்பது. ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம் தண்ணீரில் இறங்காமல் இருந்தால் பல டைவ் சென்டர்கள் ரெஃப்ரெஷர் செய்துவிட்டு வரச் சொல்லும். கடலுக்கு வருடத்தில் ஒரு முறை போக முடிகிற ஹைதராபாத்காரருக்கு இது எப்படியும் வரும் செலவு. அதை அடுத்த டூரின் முதல் நாளில் செய்யலாம், அல்லது கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, கற்ற அதே குளத்தில் ரெண்டு மணி நேரத்தில் முடிக்கலாம். மாஸ்க்கைக் கழற்றி மாட்டும் அந்தப் பயிற்சியைத்தான் முதலில் செய்யச் சொல்வார்கள்.